வீட்டில் செய்த சர்க்யூட்டை உடம்புக்குள் வைக்கலாமா?

கேள்வி: சில வருடங்களாக மைக்ரோகண்ட்ரோலர், சென்சார் என்று வீட்டில் செய்து பார்த்துவருகிறேன். உடல் வெப்பநிலையை அளந்து ப்ளூடூத்தில் போனுக்கு அனுப்பும் சின்ன சர்க்யூட் ஒன்றை நானே செய்து, சிலிகானில் முக்கி, முன்கையில் தோலுக்கு அடியில் வைக்க முடியுமா? சிலர் செய்திருக்கிறார்கள் என்று படித்தேன். விரலில் காந்தம், கையில் என்எஃப்சி சிப் இதெல்லாம் எவ்வளவு பாதுகாப்பு?

பதில்:

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்த, பேட்டரி இல்லாத என்எஃப்சி சிப் (ரீடருக்கு மிக அருகில் கொண்டுபோனால் மட்டும் பேசும் ரேடியோ சிப்) என்றால், அனுபவமுள்ளவர் கையால் சுத்தமாக வைத்துக்கொள்ளலாம், ஆபத்து குறைவு. காந்தம் கொஞ்சம் சூதாட்டம். நீங்களே செய்த, பேட்டரி உள்ள சர்க்யூட் வேண்டாம். உங்கள் திறமை மேல் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. அந்த சர்க்யூட் முதல் நாள் நன்றாகவே ஓடும், முதல் வாரமும் ஓடலாம். தோற்கப்போவது அதைச் சுற்றி நீங்கள் போடும் உறை. அது தோற்கும்போது சர்க்யூட் நின்றுபோவது மட்டும் நடந்தால் அதிர்ஷ்டம்.

நான் மருத்துவர் இல்லை. உடலோடு ஒட்டியிருக்கும் கருவிகளுக்கான எலக்ட்ரானிக்ஸில் வேலை செய்கிறேன். உறை போடுவதும், அது எங்கே, ஏன் விட்டுப்போகிறது என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதும் அந்த வேலையில் பெரும்பகுதி. அதனால் இந்தப் பதில் உறைப் பக்கமே அதிகம் சாயும்.

1958 அக்டோபர் 8 அன்று ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு, இதயத்துடிப்பைத் தூண்டும் பேஸ்மேக்கர் ஒன்று உடலுக்குள் வைக்கப்பட்டது. முழுவதுமாக உடலுக்குள் வைத்த முதல் பேஸ்மேக்கர் அதுதான். ரூனே எல்ம்க்விஸ்ட் வடிவமைத்தது. சர்க்யூட்டில் இரண்டே டிரான்சிஸ்டர். வெளியிலிருந்து காயில் வழியாக சார்ஜ் செய்யும் நிக்கல்-காட்மியம் பேட்டரி. எல்லாவற்றையும் எபாக்ஸியில் வார்த்தார்கள். வார்ப்பதற்கு அச்சாகப் பயன்பட்டது ஷூ பாலிஷ் டப்பா. இன்றைக்கு ஒரு ஹாபி மேசையில் நடக்கக்கூடிய வேலை மாதிரியே இருக்கிறது அல்லவா? அந்தக் கருவி சில மணி நேரத்தில் நின்றுவிட்டது. லார்சன் அதற்குப் பிறகு இருபதுக்கும் மேற்பட்ட பேஸ்மேக்கர்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு 2001 வரை வாழ்ந்தார்.

அதே காலத்தில் அமெரிக்காவில் வில்சன் கிரேட்பாட்ச் தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் உட்கார்ந்து, சேமிப்பிலிருந்து 2,000 டாலர் போட்டு, கையாலேயே பேஸ்மேக்கர்களைச் செய்தார். ஆரம்பத்தில் நாய்களில் வைத்துப் பார்த்தபோது உறையாக இருந்தது இன்சுலேஷன் டேப். சில மணி நேரத்தில் உடல் திரவம் உள்ளே புகுந்துவிட்டது. பிறகு எபாக்ஸிக்கு மாறினார், கொஞ்சம் தாங்கியது. ஆனால் அன்றிருந்த மெர்குரி-ஜிங்க் பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை விடும். வாயு வெளியேற வேண்டும் என்பதால் கருவியை முழுக்க அடைக்கவே முடியாது. காற்று போகும் வழியில் ஈரம் வரும். 1970களின் தொடக்கத்தில் வாயு விடாத லித்தியம்-அயோடின் பேட்டரியை அவர் பேஸ்மேக்கருக்குக் கொண்டுவந்த பிறகுதான் கருவியை உலோக டப்பாவில் வைத்து வெல்டிங் செய்து மூட முடிந்தது. அதாவது பல்ஸ் கொடுக்கும் சர்க்யூட் 1958இலேயே தயார். அதற்கு ஒரு நல்ல டப்பா கிடைக்கப் பத்து வருடத்துக்கும் மேல் ஆயிற்று, அதுவும் மருத்துவமனைகளும் கம்பெனிகளும் பின்னால் நின்றபோது.

ஏன் இவ்வளவு கஷ்டம்? உடம்புக்குள் 37 டிகிரி வெப்பம், உப்புத் தண்ணீர், எந்த நேரமும். குளோரைடு அயனிகள் பெரும்பாலான உலோகங்களை அரிக்கும். அதைவிட முக்கியமான விஷயம், பிளாஸ்டிக் வகை எதுவும் நீராவியை முழுக்கத் தடுக்காது. எபாக்ஸி வழியாகவும் போகும், பாரிலீன் என்ற மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு வழியாகவும் போகும், சிலிகான் வழியாக இன்னும் தாராளமாகப் போகும். உண்மையில் தடுப்பவை கண்ணாடி, உலோகம், செராமிக் இந்த மூன்றுதான். அதனால்தான் பேஸ்மேக்கர் டைட்டானியத்தில் வருகிறது, கையில் வைக்கும் சிப் கண்ணாடியில் வருகிறது.

அப்படியானால் சிலிகான் பூசிய கருவிகள் எப்படிப் பல வருடம் உடலில் ஓடுகின்றன என்று கேட்கலாம். நல்ல கேள்வி, இதற்கான விடை பல ஹாபிக்காரர்களுக்குத் தெரியாது. சிலிகானுக்குள் போகும் நீராவி ஆவியாகவே இருக்கும்வரை பிரச்சினை இல்லை. அது தண்ணீராகத் திரண்டால்தான் பிரச்சினை. சிலிகான் போர்டின் ஒவ்வொரு இடத்திலும் இறுக ஒட்டியிருந்தால், தண்ணீர் திரள இடமே கிடைக்காது. எங்காவது ஒரு குமிழி, ஒரு விரல் ரேகை, ஐசியின் அடியில் கழுவப்படாத ஃப்ளக்ஸ் (சால்டர் நன்றாக ஒட்ட உதவும் பசை) இருந்தால் போதும். ஃப்ளக்ஸில் இருக்கும் உப்புகள் ஆஸ்மோசிஸால் தண்ணீரை உள்ளே இழுக்கும். அந்த இடத்தில் சிலிகான் கொப்புளம் போல எழும்பும், இன்னும் தண்ணீர் வரும். பக்கத்தில் போர்டின் இரண்டு செம்புத் தடங்களுக்கு (டிராக்) இடையில் 3 வோல்ட் இருந்தால் மின்பகுப்பு ஆரம்பிக்கும், செம்பு கரைந்து மரக்கிளை போலப் படர்ந்து அடுத்த டிராக்கைத் தொடும். வெளியிலிருந்து பார்த்தால் உறை பளபளவென்று அப்படியே இருக்கும்.

ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டுத் தேய்த்தால் போதாதா என்றால், போதாது. பெரும்பாலும் அது ஃப்ளக்ஸை அகற்றுவதைவிடப் பரப்பிவிடத்தான் செய்யும். சரியான கழுவல், அயனி நீக்கிய தண்ணீரில் அலசல், உலர்த்தல், பிரைமர், வெற்றிடத்தில் குமிழி எடுத்தல் என்று அது தனி வேலை.

என் பேச்சை நம்ப வேண்டாம், மேசையிலேயே செய்து பாருங்கள். உண்மையாகவே இதுதான் உங்களுக்கு நான் சிபாரிசு செய்யும் முதல் பரிசோதனை. சீப்புப் பற்கள் போல ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு செம்புத் தடங்களை ஒரு சின்ன போர்டில் எடுங்கள். இரண்டு போர்டு செய்யுங்கள். ஒன்றை உங்களால் முடிந்தவரை சுத்தம் செய்யுங்கள், இன்னொன்றில் சால்டர் வைத்து ஃப்ளக்ஸை அப்படியே விடுங்கள். இரண்டுக்கும் சிலிகான் பூசி, 0.9 சதவீத உப்புக் கரைசலில் மூடிய பாட்டிலுக்குள் போட்டு, 1 மெகாஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக இணைத்து 3.3 வோல்ட் கொடுங்கள். ரெசிஸ்டர் மேல் எத்தனை வோல்ட் தெரிகிறதோ அத்தனை மைக்ரோஆம்பியர் கசிகிறது. மைக்ரோகண்ட்ரோலரே அதை மணிக்கு ஒரு முறை குறித்துக்கொள்ளட்டும். அவசரமாகத் தெரிய வேண்டுமென்றால் கரைசலை 67 டிகிரியில் வையுங்கள். 10 டிகிரி கூடினால் பழுதாகும் வேகம் சுமார் இரட்டிக்கும் என்பது இந்தத் துறையில் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு. 37இலிருந்து 30 டிகிரி கூடுதல் என்றால் எட்டு மடங்கு. துல்லியமான விதி இல்லை, ஆனால் ஒரு வருடம் தாங்குமா என்று ஒன்றரை மாதத்தில் ஓரளவு ஊகிக்கலாம். பேட்டரியை மட்டும் அந்தச் சூட்டில் போட்டுவிடாதீர்கள், மின்சாரம் வெளியிலிருந்து வரட்டும். உங்கள் சிலிகான் பூச்சு இதில் தேறினால், பிறகு பேசலாம்.

இனி பேட்டரி. சின்ன லித்தியம்-பாலிமர் பேட்டரியின் உறை, பிளாஸ்டிக்கும் அலுமினியத் தகடும் சேர்ந்த மெல்லிய பை. அது ஊதும். ஓட்டையானால் உள்ளே இருக்கும் லித்தியம் ஹெக்சாஃப்ளோரோபாஸ்பேட் என்ற உப்பு, ஈரம் பட்டதும் ஹைட்ரஜன் ஃப்ளோரைடைத் தரும். அது திசுவில் என்ன செய்யும் என்று விவரிக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். வயர்லெஸ் சார்ஜிங் செய்தால் சூடு வேறு. உடலில் வைக்கும் மின்கருவியின் வெளிப்பரப்பு சுற்றியுள்ள உடல் வெப்பத்தைவிட 2 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்பது மருத்துவக் கருவிகளுக்கான பொது விதி. கையில் இருக்கும் போன் சார்ஜ் ஆகும்போது எவ்வளவு சூடாகிறது என்று தொட்டுப் பாருங்கள். 2 டிகிரி எவ்வளவு சின்ன எல்லை என்று புரியும்.

நீங்கள் கேட்ட திட்டத்தை ஏற்கெனவே ஒருவர் செய்துவிட்டார். பிட்ஸ்பர்க்கில் கிரைண்ட்ஹவுஸ் வெட்வேர் என்ற குழுவைச் சேர்ந்த டிம் கேனன், 2013இல் சர்கேடியா என்ற கருவியை முன்கையில் வைத்துக்கொண்டார். வெப்பநிலையை அளந்து ப்ளூடூத்தில் அனுப்பும், வெளியிலிருந்து வயர்லெஸாக சார்ஜ் ஆகும். கிட்டத்தட்ட ஒரு சீட்டுக்கட்டு அளவு. வைத்தது மருத்துவர் இல்லை, உடல் அலங்கார மாற்றங்கள் செய்யும் ஸ்டீவ் ஹேவொர்த். சுமார் மூன்று மாதத்தில் பேட்டரி தொல்லையால் வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் குழு அடுத்துச் செய்ததைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். 2015இல் வந்த நார்த்ஸ்டார் நாணய அளவுதான். காந்தத்தை அருகில் கொண்டுபோனால் எல்இடிகள் சிவப்பாக மின்னும், அவ்வளவே. சென்சாரும் இல்லை, போனுக்கு அனுப்புவதும் இல்லை. சர்கேடியாவை அவ்வளவு துணிச்சலாக வைத்துக்கொண்டவர்களே அடுத்த கருவியில் இந்த அளவுக்கு இறங்கி வந்தார்கள். இதைப் பின்னடைவு என்று கேலி செய்யலாம். எனக்கு அது பொறியியல் முதிர்ச்சியாகத்தான் தெரிகிறது.

சரி, எல்லாம் தாங்கியது என்றே வைத்துக்கொள்வோம். முன்கைத் தோலுக்கு அடியில் கிடைக்கும் எண் என்ன? மார்பு, வயிற்றுக்குள் இருக்கும் வெப்பநிலை அங்கே இருக்காது. குளிர்ந்த அறையில் உடல் கைகளுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும், அங்கே வெப்பநிலை பல டிகிரி கீழே போகும். காய்ச்சல் இருக்கிறதா என்பதைவிட ஏசி ஓடுகிறதா என்பதைத்தான் அந்த சென்சார் நன்றாகச் சொல்லும். அதைத் தோலுக்கு மேல் ஒட்டிய சென்சாரும் சொல்லும். உண்மையான உள்வெப்பம் வேண்டுமென்றால், விழுங்கும் மாத்திரை வடிவில் தெர்மாமீட்டர் இருக்கிறது. 1998இல் விண்வெளிக்குப் போன ஜான் க்ளென் அப்படி ஒன்றை விழுங்கினார். ஓரிரு நாளில் தானாகவே வெளியே வந்துவிடும், கத்தி வேண்டாம். அப்புறம், ப்ளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். மேசையில் 10 மீட்டர் போன சிக்னல் தோலுக்கு அடியிலிருந்து பக்கத்து அறைக்குக்கூடப் போகாமல் இருக்கலாம். ஆன்டெனாவைத் திசுவுக்கு ஏற்றபடி வேறு விதமாக ட்யூன் செய்ய வேண்டும். உடலுக்குள் வைக்கும் மருத்துவக் கருவிகளுக்கென்றே 402 முதல் 405 மெகாஹெர்ட்ஸ் வரை தனி அலைவரிசை ஒதுக்கியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிருமி விஷயத்தில் ஒரு பழைய ஆய்வைச் சொன்னாலே போதும். 1957இல் எலெக், கோனென் என்ற இருவர், மனிதத் தோலில் சீழ்ப்புண் வர எத்தனை ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமிகள் தேவை என்று தன்னார்வலர்களில் சோதித்தார்கள். சும்மா ஊசி வழியாகச் செலுத்தினால் லட்சக்கணக்கில் தேவைப்பட்டது. அதே இடத்தில் ஒரு பட்டுத் தையல்நூல் இருந்தால் நூறு அளவே போதுமானதாக இருந்தது. வெளிப்பொருள் ஒன்று உள்ளே இருந்தாலே கணக்கு இப்படி மாறிவிடுகிறது. அதன் பரப்பில் கிருமிகள் படலமாகப் படிந்து உட்கார்ந்துவிட்டால் ஆன்டிபயாடிக் அவற்றை எட்டாது, பொருளை வெளியே எடுப்பதுதான் வழி. மதுவை ஊற்றித் துடைத்துவிட்டு, சமையலறை மேசையில் தானே வெட்டி வைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் மருத்துவமனையில் போய்த்தான் முடித்தார்கள். ஆல்கஹால், ஸ்போர் எனப்படும் கிருமி விதைகளைக் கொல்லாது. அழுத்த நீராவியால் கிருமிநீக்கும் ஆட்டோக்ளேவ் கொல்லும், ஆனால் அதன் 121 டிகிரி நீராவியில் உங்கள் பேட்டரி செத்துவிடும். எத்திலீன் ஆக்சைடு வாயு குறைந்த சூட்டில் வேலை செய்யும், ஆனால் நச்சு வாயு, எரியக்கூடியது, வீட்டில் தொடவே கூடாது.

காந்தத்துக்கும் இதே 121 டிகிரிதான் முதல் தலைவலி. சாதாரண ரக நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் போனால் தன் வலுவை நிரந்தரமாக இழக்க ஆரம்பிக்கும். ஆட்டோக்ளேவிலிருந்து வருவது பலவீனமான ஒரு உலோகத் துண்டுதான். அதை வேறு முறையில்தான் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். செய்தேன் என்று விற்பவர் சொன்னால் எப்படி என்று கேளுங்கள்.

விரல்நுனியில் 3 மி.மீ. அளவில் ஒரு காந்தம் வைத்தால் என்ன கிடைக்கும்? மாறுதிசை மின்சாரம் ஓடும் டிரான்ஸ்ஃபார்மர், மோட்டார், ஓடிக்கொண்டிருக்கும் மைக்ரோவேவ் அவன் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் காந்தம் உள்ளே அதிரும். விரல்நுனியில் அதிர்வை உணரும் நரம்பு முனைகள் அடர்த்தியாக இருப்பதால் அது தெளிவாகத் தெரியும். 2000களின் நடுவில் ஸ்டீவ் ஹேவொர்த்தும் ஜெஸ்ஸி ஜாரெலும் இதைப் பரப்பினார்கள். வைத்துக்கொண்டவர்கள் புதுப் புலன் கிடைத்தது போல இருக்கிறது என்று சொல்வது மிகை இல்லை, அந்த உணர்வு உண்மைதான். ஆனால் நியோடிமியம் ஈரத்தில் மிக வேகமாக அரிக்கும் உலோகக் கலவை. பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் உள்ளே பொடியாகிவிடும். குவின் நார்ட்டன் என்ற பத்திரிகையாளர் 2005இல் வைத்துக்கொண்ட காந்தம், சில மாதங்களில் பூச்சு விட்டு விரலுக்குள்ளேயே உடைந்துபோனது. தங்கம், பாரிலீன், டைட்டானியம் நைட்ரைடு என்று பூச்சுகள் அதன் பிறகு எவ்வளவோ மேம்பட்டிருக்கின்றன. ஆனாலும் விரல்நுனி நாள் முழுக்க எதிலாவது அழுந்தும் இடம், பூச்சுக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. எம்ஆர்ஐ எடுக்க வேண்டி வந்தால் காந்தம் பெரிய சிக்கல்: ஸ்கேனர் அதை இழுக்கும், திருப்பும். முதலில் வெட்டி எடுத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிடலாம்.

ஆசை விடவில்லை என்றால், அதே அளவு காந்தம் ஒன்றை விரல்நுனியின் தோலில் மெல்லிய மருத்துவ டேப்பால் ஒட்டிக்கொண்டு இரண்டு வாரம் நடமாடிப் பாருங்கள். உள்ளே வைத்த அளவு கூர்மை வராது, ஆனால் அந்த உணர்வு எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். இரண்டாவது வாரத்தில் டேப்பை மாற்றவே சோம்பல் வந்துவிட்டது என்றால், உங்களுக்கு அறுவை தேவையில்லை என்பதும் தெரிந்துவிடும்.

என்எஃப்சி சிப்புக்கு வருவோம். 1997 நவம்பரில் எடுவார்டோ காக் என்ற கலைஞர் சாவ் பாலோவில் கணுக்காலில் இதற்கு முன்னோடியான அடையாளச் சிப் ஒன்றை வைத்துக்கொண்டார். 1998இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தின் கெவின் வார்விக் அப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, கதவையும் விளக்கையும் இயக்கிக் காட்டினார். ஒன்பது நாளில் எடுத்துவிட்டார். இதே வார்விக் 2002இல் முன்கை நரம்புக்குள் 100 மின்முனைகள் வைத்து, நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு இங்கிலாந்தில் இருந்த இயந்திரக் கையை இணையம் வழியாக அசைத்தார். தன்னையே சோதனைப் பொருளாக்கிய வீரர் என்று அவரைக் காட்டும் கட்டுரைகள், ஆக்ஸ்போர்டு மருத்துவமனையில் நரம்பு அறுவை நிபுணர்கள் அதைச் செய்தார்கள் என்ற வரியை விட்டுவிடும். 2005இல் ஏமல் கிராஃப்ஸ்ட்ரா என்ற தொழில்நுட்பக்காரர் தன் கையில் வைத்துக்கொண்டதிலிருந்துதான் இது ஹாபிக்காரர்களின் விஷயமானது. அவர் 2013இல் டேஞ்சரஸ் திங்ஸ் என்ற கம்பெனியை ஆரம்பித்து, கிருமிநீக்கிய ஊசியோடு சிப் விற்கத் தொடங்கினார்.

இந்த சிப் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம், இதில் தோற்பதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. 2 மி.மீ. குறுக்களவு, 12 முதல் 14 மி.மீ. நீளம் உள்ள கண்ணாடிக் குழாய். உள்ளே ஃபெரைட் துண்டில் சுற்றிய காயில், ஒரு சிப். பேட்டரி இல்லை. ரீடரின் காந்தப்புலம் காயிலில் மின்சாரம் தூண்டும், அந்த நொடியில் மட்டும் சிப் உயிர்பெறும். வழக்கமான இடம், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதைப்பகுதி; முக்கியத் தசைநாண்களும் நரம்புகளும் அங்கே நேர் கீழே இல்லை. உடல் சில வாரங்களில் அதைச் சுற்றி மெல்லிய நார்த்திசு உறை ஒன்றைக் கட்டிவிடும். செல்லப் பிராணிகளுக்குப் போடும் சிப்பை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். நகராமல் இருக்க அதன் முனையில் நுண்துளைகள் உள்ள பிளாஸ்டிக் மூடி இருக்கும், திசு அதற்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும், பிறகு எடுப்பது பெரும்பாடு. மனிதருக்கென்று விற்கும் சிப்பில் அது இருக்காது.

பாதுகாப்பு என்று கேட்டீர்கள், அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. வெரிசிப் என்ற மருத்துவ அடையாளச் சிப்புக்கு 2004இல் எஃப்டிஏ (அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பு) அனுமதி கொடுத்தது. கேட்பவர் யாராக இருந்தாலும் தன் எண்ணைச் சொல்லிவிடும் சிப் அது. 2006இல் ஜொனாதன் வெஸ்ட்ஹியூஸ் என்பவர் அதை நகலெடுத்துக் காட்டிவிட்டார். இன்றைக்கும் 125 கிலோஹெர்ட்ஸ் சிப்புகளில் பெரும்பாலானவை அப்படித்தான். 13.56 மெகாஹெர்ட்ஸில் என்டேக் 216 ரகம் 888 பைட் எழுதிக்கொள்ளவும் போனில் தட்டவும் நன்றாக இருக்கும், ஆனால் பூட்டு அதன் அடையாள எண்ணை மட்டும் பார்க்கிறதென்றால் பாதுகாப்பு பூஜ்யம். மைஃபேர் கிளாசிக் என்ற பழைய ரகத்தின் குறியாக்கம் 2008இலேயே உடைந்துவிட்டது. உண்மையான குறியாக்கம் வேண்டுமென்றால் டெஸ்ஃபயர் ரகம். நடைமுறையில் படிக்கும் தூரம் ஒரு சென்டிமீட்டருக்குள்தான் என்பதால், தெருவில் போகிறவர் தூரத்திலிருந்து திருடுவார் என்று பயப்பட வேண்டாம். கை கொடுக்கும்போது திருடலாமே என்றால், கோட்பாட்டளவில் முடியும்.

வைப்பதற்கு முன் இரண்டு விஷயம் கேட்டுவையுங்கள். வைப்பவர் யார், அவர் அதை எடுக்கவும் செய்வாரா? பல இடங்களில் மருத்துவர் அல்லாதவர் மரத்துப்போகும் ஊசி போடச் சட்டம் இடம் தராது. உங்கள் சம்மதம் இருப்பதாலேயே எல்லாம் சட்டப்படி சரியாகிவிடாது. இங்கிலாந்தில் 2018இல் உடல் மாற்றம் செய்பவர் ஒருவரின் வழக்கில், வாடிக்கையாளரின் சம்மதம் இருந்தாலும் காதை வெட்டி எடுப்பது போன்றவை குற்றமே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊசியால் சிப் வைப்பது அந்த அளவு இல்லைதான், ஆனால் முன்கையைக் கீறிச் சீட்டுக்கட்டு அளவு பெட்டியை வைப்பது எந்தப் பக்கம் விழும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சிப்பின் ரகம், வைத்த இடம், தேதி மூன்றையும் எழுதிப் பர்ஸில் வையுங்கள். எம்ஆர்ஐ எடுப்பவருக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

உங்கள் சால்டர் திறமைக்கு வேலை தோலுக்கு வெளியில்தான், அதுவும் நிறைய. இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் சர்க்கரை நோயாளிகள் செய்தது. தோலுக்குள் நுழையும் குளுக்கோஸ் சென்சாரைத் தொழிற்சாலை செய்து, கிருமிநீக்கிக் கொடுத்தது. அதன் அளவுகளை இணையத்துக்குக் கொண்டுவரும் நைட்ஸ்கவுட்டை நோயாளிகளின் பெற்றோர்களும் நண்பர்களும் எழுதினார்கள். சர்க்கரை நோயாளியான டேனா லூயிஸ் தூக்கத்தில் தன்னை எழுப்பும் அளவுக்குச் சத்தமான அலாரம் வேண்டும் என்று ஆரம்பித்து, இன்சுலின் பம்பைத் தானாகவே ஏற்றி இறக்கும் அமைப்புவரை போய், 2015இல் அதன் வடிவமைப்பை ஓப்பன்ஏபிஎஸ் என்ற பெயரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார். அதே வழியில் வந்த டைட்பூல் லூப்புக்கு 2023இல் எஃப்டிஏ அனுமதியும் கிடைத்தது. ஒருவர்கூட சென்சாரை வீட்டில் வார்க்கவில்லை.

உங்களுக்கும் அப்படி ஒரு வேலை உடனே இருக்கிறது. கண்ணாடி சிப்பை ஒரு ரப்பர் பட்டையில் செருகிக் கையில் கட்டிக்கொண்டு, அதற்கான ரீடரை முதலில் செய்யுங்கள். கடையில் கிடைக்கும் பிஎன்532 என்ற என்எஃப்சி ரீடர் மாட்யூலின் தட்டையான பெரிய ஆன்டெனா, கார்டுக்காகச் செய்தது. குழாய் வடிவச் சிப்பின் காயில் வேறு மாதிரி. ஆன்டெனாவின் நடுவில் வைத்தால் எடுக்காது, அதன் கம்பி விளிம்பின் மேல், கம்பிக்குக் குறுக்காக வைத்தால் எடுக்கும். சின்ன ஃபெரைட் துண்டில் நீங்களே காயில் சுற்றி, 13.56 மெகாஹெர்ட்ஸுக்கு கபாசிட்டர்களால் ட்யூன் செய்தால் எடுக்கும் தூரம் கூடும். பூட்டு, அலமாரி, கம்ப்யூட்டர் என்று எல்லாம் பட்டையோடு சில மாதம் சலிப்பில்லாமல் ஓடினால், அப்போது சிப்பைக் கைக்குள் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். மாற்றிய பிறகு முதல் சில வாரம் வீக்கத்தால் சிப் ஆழத்தில் இருக்கும், ரீடர் எடுக்க அடம்பிடிக்கும். வீக்கம் வடிந்து சிப் நிலைபெறும்வரை ஆன்டெனாவைத் தொடாதீர்கள்.